வியர்க்கிற சுவர்

ஆரோக்கிய பிரபு அந்தச் சுவருக்கு நான்காவது தடவையாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே சுவருக்கு ஒருவன் நான்கு தடவை பெயின்ட் அடிக்கிறான் என்றால் அவனிடம் பணம் கொழுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தி மெலிந்திருக்க வேண்டும். மரக்காணத்தில் உப்பு மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவனிடம் பணம் கொழுக்க வழியே இல்லை என்பது ஊருக்குத் தெரியும். மிச்சமிருக்கும் காரணத்தை ஊர் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் இருந்தது மரியாதைக்காக மட்டுமே.

தெருவில் போகிறவர்கள் சன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா பிரபு, செவுத்துக்கு ஞானஸ்நானமா?" என்று கேட்பார்கள்.

"ஞானஸ்நானம்லாம் போன மாசமே ஆயிடுச்சுப்பா. இது உறுதிபூசுதல்" என்று அதற்கடுத்த கோயில் சடங்கைச் சொல்வான் பிரபு, ரோலரை இறக்காமலே.

அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிரிக்க வைத்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது என்பது அவன் சின்ன வயதிலேயே கண்டுபிடித்த உபாயம். அவன் மனைவி லிடியாவிடம் மட்டும் அது பலிப்பதில்லை. அவள் சிரித்து முடித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்கிற ரகம்.

போன வருடப் புயலில் உப்பளத்துப் பக்கமிருந்து தண்ணீர் ஏறி வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. வடிந்த பிறகு மற்ற சுவர்களெல்லாம் ஒருவழியாகத் தேறிவிட்டன. படுக்கையறையின் பின்சுவர் மட்டும் தேறவில்லை. முதலில் கரும்புள்ளிகளாக ஆரம்பித்து, அப்புறம் ஒரு கை அகலத்துக்குப் பரவி, மார்கழி வாக்கில் கட்டிலின் தலைமாடு முழுக்கப் பூஞ்சை பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டிலில்தான் மகள் ஜெசிந்தா படுப்பாள். மார்கழியிலேயே அவளுக்கு இழுப்பு வர ஆரம்பித்தது.

ஒருநாள் ராத்திரி பிள்ளையின் உதடு நீலம் பூத்துவிட்டது. ஏற்றிய மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லாமல் லாரியை எடுத்து, லிடியா மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பிள்ளைக்கு மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா வந்து, வீட்டில் ஈரம் இருக்கிறதா, சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று விசாரித்தார். எங்க ஊரே ஈரம்தான் டாக்டர் என்று பிரபு சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே அது சிரிப்பாக இல்லை. வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

லிடியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பாண்டிச்சேரியிலேயே முத்தியால்பேட்டையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, சத்தமில்லை. போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: "செவுரு காஞ்சா வர்றேன். ஸ்கூல் தெறக்கிறதுக்குள்ள காயலன்னா பாப்பாவ இங்கயே சேத்துடுவேன். அப்புறம் என்ன கேக்காதீங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்பது பிரபுவுக்குப் புரிந்தது. பாண்டிச்சேரியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அது ஒரு வருடத்தோடு முடிகிற காரியமில்லை. பிள்ளைக்குச் சிநேகிதிகள் வருவார்கள். லிடியாவுக்கு அங்கே மெடிக்கல் ஷாப்பில் வேலை தர ஒருவர் தயாராக இருந்தார். அதற்கப்புறம் தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்கட் பாக்கெட்டோடு போய் வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளியாகிவிடுவோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். லிடியா வந்து சுவரைப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு. பள்ளிக்கூடம் திறப்பது அதற்கடுத்த நாள்.

முதல் தடவை பெயின்ட் அடித்தது சிங்காரம். ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான். பழையதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, பிஸ்தா பச்சையில் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்குது பாரு என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குனி முடிவதற்குள் பிஸ்தா பச்சையைத் துளைத்துக்கொண்டு கறுப்பு எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் பிரபுவுக்கு அந்த யோசனை வந்தது. தனக்கு வந்த யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான் என்று அவன் அன்றைக்கு நினைத்தான். பூஞ்சைக்கு மேலே பெயின்ட் அடித்துப் புண்ணியமில்லை, முதலில் அதைக் கொல்ல வேண்டும். எதைக்கொண்டு கொல்வது? அவன் அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். பிரபு நடை பழகியதே பாத்தி வரப்பில்தான். பாத்திக்குள் புல் முளைத்து அவன் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு காக்கை செத்துப் பாத்தியில் விழுந்து, கோடை முழுக்க அழுகாமல், விழுந்த வாக்கிலேயே யோசனை செய்துகொண்டு கிடந்தது. மீனை உப்புப் போட்டுக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அழுகலுக்கும் ஈரத்துக்கும் உப்பைவிடப் பெரிய சத்துரு உலகத்தில் உண்டா?

உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரி கனமாக, கையில் கீறல் இருந்தால் உயிர் போகிற மாதிரி எரியும். அதை நாலு கேனில் பிடித்துவந்து, தேங்காய் நார் வைத்துச் சுவரைத் தேய்தேய் என்று தேய்த்தான். சுவர் குடிக்கக் குடிக்க ஊற்றினான். சிங்காரத்திடம் மூச்சு விடவில்லை. தொழில் ரகசியத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிடுவார் என்று பயம்.

பூஞ்சை உண்மையிலேயே செத்தது. சித்திரை வெயிலில் சுவர் வெள்ளைவெளேரென்று காய்ந்தது. சிங்காரம் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவர் இப்பத்தான் மனுஷனாகியிருக்குது என்று பாராட்டி, இரண்டாவது தடவை பெயின்ட் அடித்தார். சில நாள் கழித்து ஒரு சாயந்திரம் சுவர் அழுதது. உண்மையாகவே அழுதது. கீழ்ப்பாதி முழுக்க நனைந்து, ஒன்றிரண்டு இடத்தில் கோடாக வழிந்தது.

பிரபு அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். மருந்து போதவில்லை. அடுத்த முறை எட்டு கேன். அந்தத் தடவை பெயின்ட் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டதும் உரிந்தது.

சிங்காரம் சுவரையும் பிரபுவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏம்பா, இனிமே என்ன கூப்புடாத. இந்த செவுத்த தொட்டதுலேர்ந்து அனுமந்தைல ஒரு வேல போயிடுச்சு. எங்க போனாலும், அந்த அழுவுற செவுரு நீ அடிச்சதாமேன்னு கேக்கறானுங்க."

எனவே நான்காவது தடவைக்குப் பிரபுவே பெயின்டர். பெயின்ட் கடை ஜமீல் பாய், இதை அடித்தால் கடலே உள்ளே வராது என்று சத்தியம் செய்து ஒரு டப்பாவைக் கொடுத்தார். அதை அடிப்பதற்கு முன்னால் பிரபு இருந்ததிலேயே கெட்டியான தண்ணீராகப் பார்த்துக் கொண்டுவந்து, இன்னும் ஒருதரம் சுவரைக் குளிப்பாட்டிக் காயவிட்டான். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பதில் அவன் குறைவைத்ததே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது கோட்டிங் முடிந்தது. சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும். ஆனால் சுவர் அழகாக இருந்தது. பிஸ்தா பச்சை வேண்டாம், ராசியில்லை என்று இந்தமுறை இளமஞ்சள். காலையிலிருந்து மேற்கே இருந்து வீசிய அனல்காற்றில் முதல் கோட்டிங் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. பிரபு கையைக் கழுவிக்கொண்டு, பழையதில் தண்ணீர் ஊற்றி, தொட்டுக்கொள்ள மாங்காய்த் துண்டோடு உட்கார்ந்தான். கஞ்சிக்கு உப்புப் பற்றவில்லை. சமையலறையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து கரண்டியை விட்டான்.

உப்பு வரவில்லை. பாறையாக இறுகி, அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

லிடியா இருந்தவரை வாரத்துக்கு ஒருமுறை உப்பை வாணலியில் வறுத்துக் கொட்டிவைப்பாள். இந்தக் காற்றில் உப்பைச் சும்மா விட்டால் ஈரத்தை இழுத்துவிடும், இது கூடத் தெரியாதா என்று அவளே... பிரபுவின் கை ஜாடிக்குள் அப்படியே நின்றது.

இது கூடத் தெரியாதா?

உப்பு மூட்டையைத் தார்பாய் போட்டு மூடாமல் விட்டதற்காக லோடு ஏற்றுகிற பையன்களை அவன் திட்டாத நாள் கிடையாது. டேய், காத்து பட்டா தண்ணி வுடும்டா, உப்பளத்துல பொறந்துட்டு இது தெரியாதா என்று போன வாரம்கூட ஒருவனை அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துப் பேசியிருந்தான். காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற சரக்கு அது. அதைத்தான், கேன் கேனாகச் சுமந்துவந்து, மகள் படுக்கிற இடத்தில் சுவருக்குள் ஊட்டியிருக்கிறான். புயல் கொண்டுவந்த ஈரம் ஒரு கோடையில் போயிருக்கும். இவன் கொண்டுவந்தது போகாது. கருவாட்டைக்கூட உப்பு காயவைப்பதில்லை, வெயில்தான் காயவைக்கிறது. மழைநாளில் அதே கருவாடு சொதசொதவென்று ஆகிவிடுவதை அவன் எத்தனை தடவை பார்த்திருக்கிறான்.

ஜாடியைக் கையில் பிடித்தபடியே படுக்கையறைக்குப் போனான். அப்போதுதான் கடற்காற்று திரும்பியிருந்தது. சன்னல் திரை உள்பக்கமாக உப்பியது. கொஞ்ச நேரத்தில் இளமஞ்சள் சுவரின் மூலையில் ஒரு இடம் லேசாகக் கறுத்தது. நாக்கு நீட்டின மாதிரி அது மெல்ல மேலே ஏறியது.

சாயந்திரம் முழுக்க பிரபு செய்ததை யாராவது பார்த்திருந்தால் கோயில் சாமியாரை அழைத்து வந்திருப்பார்கள். பந்தல் கடையிலிருந்து இரண்டு பெரிய ஃபேன்களை வாங்கிவந்து சுவருக்கு நேராக வைத்தான். அவை கடற்காற்றையே இன்னும் வேகமாகச் சுவருக்கு ஊட்டின. சன்னலைச் சாத்திவிட்டு, இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்து அறை நடுவில் வைத்தான். புகையில் அவனுக்கே இழுப்பு வந்தது. பழைய வேட்டியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். பெயின்டும் சேர்ந்து வந்தது. கடைசியில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, உனக்கு என்ன கெடுதல் பண்ணேன் என்று சுவரிடம் கேட்டான். கேட்டுவிட்டு, பதில் தனக்கே தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டான்.

விடிந்து வெயில் ஏறியது. மேற்குக் காற்று திரும்ப அடிக்க ஆரம்பித்ததும், சுவர் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. ஒற்றி எடுத்த இடத்தில் மீதி பெயின்டைத் தடவினான். அதுவும் காய்ந்தது. பகலெல்லாம் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்று, பொழுது சாய்ந்ததும் தள்ளாடுகிற ஒரு உறவுக்காரர் அவனுக்கு உண்டு. சுவர் அவரைப் போல நடந்துகொண்டது.

பூசைக்குப் போன இடத்தில்தான் அந்தக் கணக்கு அவன் தலைக்குள் வந்தது. லிடியா முற்பகலில் வருவாள். அந்நேரம் சுவர் காய்ந்திருக்கும். கடற்காற்று சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் திரும்பும். அதற்குள் அவள் சரி என்று சொல்லிவிட்டால் போதும். ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் உடனே கிளம்பிவிடவா போகிறாள்? கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். ஏதாவது செய்யலாம். சாமியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, கடற்காற்றைத் தாமதப்படுத்தச் சொல்லி எந்தப் புனிதரிடம் மன்றாடுவது என்று பிரபு யோசித்தான். தொலைந்த பொருளுக்கு ஒருவர் இருக்கிறார், தொண்டை வலிக்கு ஒருவர் இருக்கிறார். இந்தத் துறைக்கு யாரையும் நியமித்ததாகத் தெரியவில்லை.

லிடியா வந்தாள். ஜெசிந்தா செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். லிடியா நேராகப் படுக்கையறைக்குப் போய், சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மேலே வைத்தாள், கீழே வைத்தாள். மூலையில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"காஞ்சிருக்குதுங்க" என்றாள்.

அவள் முகம் மாறியதைப் பிரபு பார்த்தான். இத்தனை மாதமாகப் போனில் கறாராகப் பேசிய பொம்பிளை இதே வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அதில் எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்கும் முத்தியால்பேட்டை போதும் போதும் என்றாகியிருந்தது. அம்மா வீட்டில் தனக்கு ஒரு தலையணைகூடச் சொந்தமாக இல்லை என்று சொன்னாள். மஞ்சள் நல்லாயிருக்கிறது என்றாள். இன்றைக்கே இருந்துவிடுகிறோம், துணிமணியைத் தம்பியிடம் கொடுத்தனுப்பச் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பிரபு சமைத்துவைத்திருந்ததைப் பார்த்து அங்கிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அது அவனுக்கு அத்தனை சுகமாக இருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிரபு சொன்ன ஜோக்குகளுக்கெல்லாம் லிடியா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சாப்பிட்டதும் ஜெசிந்தா அறைக்குள் போய்த் தரையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலால் தாளம் போட்டுத் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடங்களில் ஒரு தடையும் இல்லை. சின்னக் கால்கள், இளமஞ்சள் சுவர், பெயின்ட் டப்பாவின் மேல் இருக்கிற படம் மாதிரியே இருந்தது. பிரபு வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிடியா பின்னால் வந்து நின்று, தம்பிக்குப் போன் போட நம்பரைத் தேடினாள்.

"லிடியா, போன் பண்ணாத."

"ஏன்?"

"கொஞ்ச நேரம் இரு. காத்து திரும்பட்டும். பாத்துட்டு அப்புறம் பண்ணு."

அவள் அவனைப் பார்த்தாள். ஏதாவது சிரிப்புக்குச் சொல்கிறானா என்று முகத்தில் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிரபு தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த மாதிரி இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

காற்று வந்தது. எந்தப் புனிதரும் தடுக்கவில்லை. திரை உப்பி, பிறகு தழைந்து, மறுபடி உப்பியது. கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா பாட்டை நிறுத்தினாள்.

"அப்பா, செவுரு ஜில்லுன்னு இருக்குது" என்றாள், சந்தோஷமாக.

"காலை எடும்மா" என்றான் பிரபு.

அவள் காலை எடுத்ததும் இரண்டு பாதங்கள் இருந்த இடத்தைச் சுற்றிலும் சுவர் கறுத்து வந்துகொண்டிருந்தது. லிடியா எழுந்து போய் மறுபடி உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிரபு அப்போது எல்லாவற்றையும் சொன்னான். காக்கையிலிருந்து ஆரம்பித்து, கேன்களைச் சொல்லி, உப்பு ஜாடி வரைக்கும் எதையும் விடாமல் சொன்னான். ஒரு இடத்தில்கூட வேடிக்கை சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை. அந்தக் கதையில் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருந்தது.

"கருவாடாக்கப் பாத்தீங்களா எங்கள?" என்றாள் லிடியா.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து ஜெசிந்தாவும் சிரித்தாள். பிரபுவும் சிரித்தான். எந்த இடத்தில் லிடியாவின் சிரிப்பு அழுகையாக மாறியது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல. நா இருந்திருப்பேன்ல."

"மறுபடி ஒரு ராத்திரி வண்டிய எடுக்கணுமே, லிடியா."

அவளும் அந்த ராத்திரியை நினைத்திருக்க வேண்டும். எழுந்து, பாயைச் சுருட்டி, பிள்ளைக்குத் தலை சீவிவிட்டாள். பிள்ளை எங்கோ உதறிவிட்டிருந்த செருப்பைத் தேடி எடுத்துவந்தாள். தான் ஏன் இங்கேயே இருக்கக்கூடாது என்று ஜெசிந்தா கேட்டாள். நாளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், புதுப் பை என்று பிரபு சொன்னான். பையில் என்ன படம் என்று அவள் கேட்டாள். அதை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்றான். அதில் அவள் சமாதானமாகிவிட்டாள். பிள்ளைகள் இத்தனை சீக்கிரம் சமாதானம் ஆவது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள். காற்று மூன்று பேர் உடம்பையும் பிசுபிசுவென்று ஆக்கியது. ஜெசிந்தாவைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததில் பிரபுவின் கைக்குள்ளேயே அவள் தூங்கிவிட்டாள். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டான். மூச்சு சுத்தமாக இருந்தது.

"அந்த செவுத்த இன்னா பண்ணப் போறீங்க?" என்று லிடியா கேட்டாள்.

செங்கல் தெரிகிற வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுவதாகச் சொன்னான். உப்பு ஏறிய செங்கல் இருந்தால் அதையும் பிடுங்கிவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். அடுத்த கோடைவரை பூசாமல் திறந்தே விட வேண்டும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். அவனுக்கு ஒன்று தெரியாது என்று அவன் வாயால் அவள் கேட்பது அநேகமாக அதுதான் முதல் தடவை.

பஸ் வந்தது. பிள்ளையை அவள் தோளுக்கு மாற்றினான். தூக்கத்தில் ஜெசிந்தா அவன் சட்டைக் காலரை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்றார்.

படியில் ஏறியபின் லிடியா திரும்பி, "சனிக்கிழமை வாங்க. தங்கற மாதிரி வாங்க" என்றாள். "பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க."

பஸ் போய்விட்டது. பிரபு வீட்டுக்கு வந்து, கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, சுத்தியலும் உளியும் எங்கே என்று தேடினான். பொழுது இன்னும் இருந்தது. சுவர் இதற்குள் பாதிக்கு மேல் நனைந்துவிட்டிருந்தது. உளியை வைத்து முதல் அடி அடித்தான். ஈரப் பூச்சு, தடையே சொல்லாமல், ஒரு பாளமாகப் பெயர்ந்து அவன் காலடியில் விழுந்தது.